கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

மலேசியாவில் ஆண்டுக்குச் சுமார் 10,000 பேர் புதிதாக டயாலிசிஸ் சிகிச்சைக்குள் தள்ளப்படுகிறார்கள். நாடு முழுவதும் நடக்கும் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகளோ ஆண்டுக்கு இருநூறை ஒட்டியே நிற்கின்றன. டயாலிசிஸ் செய்துகொள்வோர் எண்ணிக்கை ஏற்கெனவே 50,000-ஐத் தாண்டிவிட்டது. இப்படியே போனால் 2040-இல் அது ஒரு லட்சத்தைக் கடக்கும் என்று நம் நாட்டு ஆய்வாளர்களே கணித்திருக்கிறார்கள். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் ஒருவர் நிம்மதியாக இருக்கிறார் என்றால், இந்த நோய் இன்னும் அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை என்றுதான் பொருள்.

ஜொகூரில் பல வீடுகளின் கதவை அது தட்டிவிட்டது. மாசாய், ஸ்கூடாய், கூலாய், குளுவாங், சிகாமட் என்று எந்த ஊருக்குப் போனாலும் கடை வரிசையின் மாடியில் ஒரு டயாலிசிஸ் மையம் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 26 முழு நாள்கள், இரவும் பகலுமாக, நாற்காலியில் ஊசி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சமம். போக வர ஆகும் நேரமும், முடித்து வந்த பிறகு எழுந்து நிற்க முடியாமல் படுத்துக் கிடக்கும் நேரமும் இதில் சேரவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலம் கடந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் முதலில் போவது வேலை. அடுத்து வீட்டுத் தவணை. அதற்கடுத்து பிள்ளையின் கல்லூரிப் படிப்பு. சொக்சோவும் அரசாங்கமும் அறநிறுவனங்களும் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கலாம். இழந்த சம்பளத்தை யாரும் முழுமையாகத் தாங்குவதில்லை.

இதில் நம் சமூகம் தனியாகப் பயப்பட வேண்டிய காரணம் ஒன்று உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர். புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவுதான். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படியுங்கள். வரிசையில் அடுத்து நிற்கப்போகிறவர்கள் யார் என்று வேறு யாரும் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது பற்றி இந்த ஏடு பலமுறை எழுதியிருக்கிறது, இனியும் எழுதும். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே செயலிழந்து போனவரிடம் இனிப்பைக் குறையுங்கள் என்று சொல்லி என்ன பயன்? அவருக்கு வேண்டியது ஒரு சிறுநீரகம்.

செலவையும் பார்க்க வேண்டும். சிறுநீரகச் செயலிழப்புக்காகப் பொதுத் துறை செலவிட்ட தொகை 2010-இல் 57 கோடி ரிங்கிட்டாக இருந்தது. 2016-இல் அது 112 கோடியாயிற்று. ஆறே ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவருக்கு முதல் ஆண்டில் செலவு அதிகம்தான். அதன் பிறகு மருந்தும் பரிசோதனையும்தான், டயாலிசிஸைவிடச் செலவு குறைவு, ஆயுளும் கூடுதல், வேலைக்கும் திரும்பலாம். மருத்துவமும் பொருளாதாரமும் ஒரே திசையைக் காட்டும் விஷயங்கள் உலகில் குறைவு. இது அவற்றில் ஒன்று. இருந்தும் நாம் அந்தத் திசையில் நடக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் வழக்கமான பதில் ஒன்று வரும்: மக்களிடம் விழிப்புணர்வு இல்லை, பதிவு செய்வோர் போதவில்லை. பேரங்காடிகளில் முகாம் போடுகிறார்கள், மைசெஜாத்ரா செயலியிலேயே உறுதிமொழி தரலாம் என்கிறார்கள். நல்ல முயற்சிகளே. சுமார் நான்கு லட்சம் பேர் பதிவும் செய்திருக்கிறார்கள். ஆனால் பதிவு எண்ணிக்கையை வைத்து மனத்தைத் தேற்றிக்கொள்ள முடியாது. இறந்தவரிடமிருந்து இதயம், ஈரல், சிறுநீரகம் எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அவர் மூளைச் சாவு அடைந்தவராக இருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில், செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும் நிலை அது. ஆயிரம் மரணங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே அப்படி நேர்கின்றன. வீட்டில் மாரடைப்பால் இறந்தவர் பத்து முறை பதிவு செய்திருந்தாலும் அவர் இதயத்தை எடுக்க முடியாது. கண்ணின் கருவிழியையும் சில திசுக்களையும் மட்டுமே எடுக்கலாம்.

ஆகவே உறுப்பு மாற்றுத் திட்டத்தின் வெற்றியும் தோல்வியும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், இரண்டே நாளுக்குள் முடிவாகிவிடுகின்றன. நம் திட்டம் தோற்றுக்கொண்டிருப்பதும் அங்கேதான்.

அந்த வாசலில் நடப்பதைச் சற்று நின்று பார்ப்போம். மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேர் அளவில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள், பெரும்பாலோர் இளைஞர்கள். ஜொகூரின் நெடுஞ்சாலைகள் இந்தக் கணக்கில் தங்கள் பங்கைத் தவறாமல் செலுத்துகின்றன. தலையில் அடிபட்ட இருபத்திரண்டு வயதுப் பையனைக் கொண்டுவந்து போடுகிறார்கள். அறுவை சிகிச்சை நடக்கிறது, பலனில்லை. இரண்டாம் நாள் மருத்துவர் வெளியே வந்து மூளை இறந்துவிட்டது என்கிறார். தாய்க்கு அந்தச் சொல் காதில் விழுகிறது, மனத்தில் இறங்கவில்லை. "டாக்டர், நெஞ்சு இன்னும் ஏறி இறங்குதே, கை சூடா இருக்கே, எப்படிப் போயிட்டான்னு சொல்றீங்க?" இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்குகிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. கண்முன்னே உடல் சூடாக இருக்கும்போது எந்தத் தாயும் கேட்கக்கூடிய, கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு உட்கார்ந்து, தமிழில், அவசரமில்லாமல் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இரண்டு நிபுணர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்கிறார்கள் என்பதையும், சுவாசக் கருவியை விலக்கிப் பார்த்துத் தானாக மூச்சு வருகிறதா என்று கவனிக்கிறார்கள் என்பதையும், உறுப்பு மாற்றில் தொடர்புடைய எந்த மருத்துவரும் அந்தச் சோதனையில் இருக்கக் கூடாது என்பதையும் அவர் விளக்க வேண்டும். கோமாவிலிருந்து திரும்பலாம், மூளைச் சாவிலிருந்து யாரும் திரும்புவதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தேவையானால் மறுபடியும் சொல்ல வேண்டும். தாய் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே தானம் பற்றிய அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

இதைச் செய்யும் பொறுப்பு நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது? இருபது நோயாளிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவர் தலையிலும், வேறு வேலைக்கு நியமிக்கப்பட்டு இதையும் சேர்த்துப் பார்க்கும் தாதியர் தலையிலும். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவசரமாகக் கேட்கப்படுகிறது, தவறான நேரத்தில் கேட்கப்படுகிறது, அல்லது கேட்கப்படாமலே போகிறது. கேட்கப்படாத ஒவ்வொரு முறையும் இரண்டு சிறுநீரகங்கள், ஓர் ஈரல், ஓர் இதயம், இரண்டு கருவிழிகள் சிதையில் எரிகின்றன, அல்லது மண்ணுக்குள் போகின்றன.

குடும்பங்கள் மறுப்பதற்கும் காரணங்கள் உண்டு. அவற்றை வெளிப்படையாகப் பேசுவோம். விபத்து என்றால் போலீஸ் வழக்கு, பிரேதப் பரிசோதனை. உடல் கைக்கு வரவே ஒரு நாளாகிறது. தானத்துக்குச் சம்மதித்தால் இன்னும் தாமதமாகுமோ என்ற பயம். சொந்தங்கள் எல்லாம் வந்துவிட்டார்கள், பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும், பெரியவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். உடல் சிதைந்து வருமோ, முகம் பார்க்க முடியாதோ என்ற கவலை. அடுத்த பிறவியில் குறையோடு பிறப்பானோ என்று பாட்டி முணுமுணுக்கிறார். அறுவை முடிந்து தைக்கப்பட்ட உடல் வழக்கமான முறையில் குளிப்பாட்டி, உடுத்தி, முகம் பார்த்து வழியனுப்பும் நிலையில்தான் வரும். இங்குள்ள பெரிய சமயங்கள் எதுவும் இதைத் தடுக்கவில்லை. இதயமும் கண்ணும் தானம் செய்யலாம் என்று முஸ்லிம்களுக்குத் தேசிய ஃபத்வா மன்றம் 1970-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் பக்கம் அப்படித் தெளிவாக, ஊர் அறியச் சொல்லும் குரல் இன்னும் போதவில்லை. ஜொகூர் பாரு ராஜமாரியம்மன் தேவஸ்தானம் தொடங்கி ஊர் ஊராக இருக்கும் ஆலயங்கள் வரை, திருவிழா மேடையில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால், அந்தப் பாட்டியின் முணுமுணுப்புக்குப் பதில் கிடைத்துவிடும். இறுதிச் சடங்கு செய்விக்கும் பண்டாரங்களும் குருக்கள்மாரும் ஒரு வார்த்தை சொன்னால் அதன் எடை அமைச்சரின் பேச்சைவிட அதிகம்.

நம் மக்களின் மனம் கல்லல்ல என்பதற்கு இந்த மாநிலத்திலிருந்தே சான்று இருக்கிறது. பத்து பகாட்டைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி செயற்கை இதயக் கருவியின் துணையோடு தேசிய இதய மையத்தில் மாதக் கணக்கில் காத்திருந்தாள். 2007 அக்டோபரில் அவளுக்கு ஓர் இதயம் கிடைத்தது. உடல் அதை ஏற்கவில்லை. ஒரு நாள் இடைவெளியில் இரண்டாவது இதயம் வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் குழந்தைக்காக, மகனைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்கள் அடுத்தடுத்துச் சம்மதம் தந்தன. நாடே அழுதது, நாடே பதிவு செய்ய ஓடியது. அந்த வேகம் ஏன் நிலைக்கவில்லை? மக்கள் மறந்துவிட்டார்கள் என்பது பாதி உண்மை. அந்த வேகத்தைப் பிடித்து வைக்க மருத்துவமனைகளில் ஓர் அமைப்பு இல்லை என்பது மீதிப் பாதி. தேசிய உறுப்பு மாற்றுக் கொள்கை வந்ததும் அதே 2007-இல்தான். இத்தனை ஆண்டுகள் கழித்தும், இறந்தபின் உறுப்பு தருவோர் எண்ணிக்கை பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவைத் தொடவே திணறுகிறது.

சட்டமும் பழையது. மனிதத் திசுச் சட்டம் 1974-இல் வந்தது. மலேசியாவில் முதல் சிறுநீரக மாற்று அறுவையை டாக்டர் ஹுசேன் அவாங் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் செய்ததே 1975-இல்தான். முதல் அறுவைக்கும் முந்திய சட்டத்தை வைத்துக்கொண்டு இன்றைய திட்டத்தை நடத்துகிறோம். மூளைச் சாவு எது என்று அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. உயிரோடு இருப்பவர் தரும் தானத்தைப் பற்றியும் உறுப்பு விற்பனையைப் பற்றியும் அதில் பேச்சில்லை. இறந்தவர் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்திருந்தால் அதுவே போதும் என்று சட்டம் இடம் கொடுத்தாலும், நடைமுறையில் குடும்பம் வேண்டாம் என்றால் மருத்துவர்கள் விலகிக்கொள்கிறார்கள். துக்க வீட்டோடு சண்டை போட எந்த மருத்துவரும் விரும்ப மாட்டார், அது சரிதான். ஆனால் இறந்தவரின் கடைசி விருப்பம் காற்றில் போவதைப் பற்றி நாம் கூச்சப்படக்கூட இல்லை. அரைநூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னும் திருத்தம் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது மக்கள் பிரதிநிதிகளுக்கு அழகல்ல.

பாலத்தின் அந்தப் பக்கம் நிலைமை வேறு. சிங்கப்பூர் 1987-லேயே மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றியது. 21 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை, உறுப்பு தர இசைந்தவர்கள் என்றே அது கொள்கிறது. 2004-இல் சிறுநீரகத்தோடு ஈரல், இதயம், கருவிழியும் சேர்ந்தன. 2008-இல் முஸ்லிம்களும் அதற்குள் வந்தார்கள். ஜொகூர் பாருவில் பிறந்து சிங்கப்பூர் நிரந்தரவாசியான ஒருவர் அங்குள்ள மருத்துவமனையில் மூளைச் சாவு அடைந்தால் ஒரு சட்டம். அவரே வாரயிறுதியில் வீட்டுக்கு வந்து பாசீர் கூடாங் நெடுஞ்சாலையில் விழுந்தால் வேறு சட்டம். நடுவில் இருப்பது ஒரு கிலோமீட்டர் பாலம்.

அப்படியானால் சிங்கப்பூர் சட்டத்தைக் கொண்டுவந்து நட்டால் போதுமா? போதாது என்று உறுதியாகச் சொல்கிறோம். அந்தச் சட்டம் இருந்தும் சிங்கப்பூர், உலகின் முன்னணி நாடான ஸ்பெயினுக்கு அருகில்கூட வரவில்லை. ஸ்பெயினிலும் அதே வகைச் சட்டம் 1979-இலிருந்து இருக்கிறது. பத்து ஆண்டுகள் அதனால் பெரிய மாற்றமில்லை. 1989-இல் டாக்டர் ரஃபேல் மாத்தேசான்ஸ் தலைமையில் தேசிய அமைப்பு ஒன்றை நிறுவி, மருத்துவமனைதோறும் ஓர் ஒருங்கிணைப்பாளரை அமர்த்தினார்கள். பெரும்பாலும் அவர் தீவிர சிகிச்சை மருத்துவராகவே இருப்பார். குடும்பத்தோடு பேச முறையான பயிற்சி கொடுத்தார்கள். சட்டம் அனுமதித்தாலும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அன்று பத்து லட்சத்துக்கு 14 ஆக இருந்த கொடையாளர் எண்ணிக்கை இன்று ஐம்பதை எட்டியிருக்கிறது. அவர்கள் மாற்றியது சட்டத்தையல்ல, கேட்கும் முறையை.

ஸ்பெயின் பணக்கார நாடு, நம்மால் முடியாது என்பவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்கட்டும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச் சாவு அடைந்த தங்கள் 15 வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்தார்கள். போக்குவரத்து நிறுத்தப்பட்ட சென்னைச் சாலைகளில் அந்த இதயம் பதினோரு நிமிடத்தில் அடுத்த மருத்துவமனையை அடைந்தது. நமக்கு பத்து பகாட் சிறுமி எப்படியோ அவர்களுக்கு ஹிதேந்திரன் அப்படி. ஆனால் அவர்கள் அந்தக் கண்ணீரைக் காயவிடவில்லை. அதே ஆண்டில் அரசு ஆணைகள் வந்தன, மூளைச் சாவைச் சான்றளிக்கும் முறை வகுக்கப்பட்டது, காத்திருப்போர் பட்டியல் பொதுவாக்கப்பட்டது. சென்னையில் டாக்டர் சுனில் ஷ்ராஃப் தொடங்கிய மோகன் அறக்கட்டளை போன்றவை ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தன. 2014-இல் தனி ஆணையம் அமைந்தது. 2023 செப்டம்பர் முதல் உறுப்பு தந்தவரின் உடலுக்கு அரசு மரியாதை செய்கிறார்கள். ஊர்த் தெருவில் மாவட்ட ஆட்சியர் மாலையோடு வந்து நிற்கும்போது, தானம் செய்யலாமா என்று தயங்கும் அடுத்த வீடும் அதைப் பார்க்கிறது. 2024-இல் அங்கே 268 பேரின் குடும்பங்கள் சம்மதம் தந்தன. பத்து லட்சத்துக்கு மூன்றுக்கும் மேல். அரசு மருத்துவமனைகளில் நெரிசலும் ஆள் பற்றாக்குறையும் அங்கேயும் உண்டு.

அதே தமிழ்நாடு இன்னொரு முகத்தையும் காட்டுகிறது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025-இல் பள்ளிபாளையத்திலிருந்து வந்தது. முறையான வழி அடைபட்டால் முறைகேடான வழி திறக்கும். நம்மிடமிருந்தும் ஒரு காலத்தில் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் பணத்தோடு போனார்கள். இன்றும் "சென்னைக்குப் போனால் கிடைக்கும்" என்று காதில் ஓதும் தரகர்கள் இருக்கிறார்கள். நெருங்கிய உறவினர் அல்லாத இந்தியர் வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் தருவதை இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. வெளிநாட்டில் விலை கொடுத்து உறுப்பு பொருத்திக்கொண்டு வருவோருக்கு, எதிர்ப்புத் திறனை அடக்கும் மருந்தை மானியத்தில் தருவதை நம் சுகாதார அமைச்சு 2012 முதல் நிறுத்திவிட்டது. தரகரை நம்பிப் போகும் குடும்பம் பணத்தையும் இழக்கும், நோயாளியையும் இழக்கலாம், ஓர் ஏழையின் உடலையும் கெடுத்திருக்கும்.

ஜொகூருக்கு வருவோம். தீவிர சிகிச்சைப் படுக்கை இல்லாமல் உறுப்பு தானம் இல்லை. குடும்பம் யோசித்து முடிவெடுக்கும்வரை அந்த உடலைக் காப்பாற்றி வைக்க ஒரு படுக்கையும், ஒரு கருவியும், ஒரு தாதியும் வேண்டும். சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 2016 அக்டோபர் 25 அன்று தீப்பிடித்து ஆறு நோயாளிகள் உயிரிழந்ததை இந்த மாநிலம் மறக்கவில்லை. பழைய கட்டடம், நிரம்பி வழியும் வார்டுகள். அங்கே உயிரோடு போராடுபவருக்கே படுக்கை தேட வேண்டிய நெருக்கடி இருக்கும்போது, மூளை இறந்தவருக்கு ஒரு நாள் படுக்கை கொடு என்று எந்த மருத்துவரிடம் கேட்பது? படுக்கைகளைப் பெருக்காமல் தான முகாம்களை மட்டும் பெருக்குவதில் அர்த்தமில்லை.

நாம் கேட்பது இதைத்தான். சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைகள் தொடங்கி மூவார், பத்து பகாட், குளுவாங், சிகாமட் வரை, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஒவ்வோர் அரசாங்க மருத்துவமனையிலும் இதற்கென்றே முழுநேர ஒருங்கிணைப்பாளர் வேண்டும். மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். மூளைச் சாவு என்று ஐயம் எழுந்தவுடன் தேசிய உறுப்பு மாற்று மையத்துக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் இதற்கு விலக்கல்ல. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதா இந்த நாடாளுமன்றத் தவணைக்குள் வர வேண்டும். தமிழ்நாட்டைப் போல் இங்கும் உறுப்பு தந்தவரின் இறுதிச் சடங்கில் அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவர் நேரில் வந்து நிற்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை, மாவட்ட அதிகாரி ஒருவர் அரை நாள் ஒதுக்கினால் போதும்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறோம். செயலியில் பதிவு செய்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்கள் கணவரிடம், மனைவியிடம், அம்மாவிடம், மூத்த அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த வாசலில் நிற்கப்போவது அவர்கள்தான். "அவன் சொல்லியிருக்கான், கொடுத்திடலாம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களுக்குப் பாரம் குறையும். யாருக்கும் எதுவும் தெரியாவிட்டால், கூட்டத்தில் உரக்கப் பேசுகிற சொந்தக்காரர் சொல்வதே முடிவாகிவிடும்.

கடைசியாக, மாநிலச் சுகாதாரத் துறையிடம் ஒரு கோரிக்கை. உறுதிமொழி தந்தோர் எத்தனை பேர் என்று அடிக்கடி அறிவிக்கிறீர்கள். அத்துடன் மருத்துவமனை வாரியாக இன்னும் மூன்று எண்களை ஆண்டுதோறும் வெளியிடுங்கள்: எத்தனை பேருக்கு மூளைச் சாவு கண்டறியப்பட்டது, அவர்களில் எத்தனை குடும்பங்களிடம் தானம் பற்றிக் கேட்கப்பட்டது, எத்தனை குடும்பங்கள் சம்மதித்தன. முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்கு மருத்துவமனை நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருப்பதற்கு நாம், பத்திரிகைகளும் ஆலயங்களும் சங்கங்களும், பதில் சொல்கிறோம்.